கரையில் நின்று சுறா பிடிக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சித்தப்பா கொச்சியிலிருந்து படகேறியிருக்கிறார், திரும்ப நாளாகும். போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய படத்தை உன் தங்கை பெரிதாக்கிக் காட்டினாள். ஃப்ளோரிடா மணலில் சுறா கிடக்கிறது. நீ அதன் முதுகில் கை ஊன்றிச் சிரிக்கிறாய். உடம்பு மஞ்சள் பாரித்திருக்கிறது, முதுகுத் துடுப்பு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. எலுமிச்சைச் சுறா அது. உங்கள் மாநிலத்தில் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதோடு முடியவில்லை. மணலுக்கு இழுத்துப் போடவே கூடாது. செவுள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், படம் எடுப்பதற்காக விடுவதைத் தாமதிக்கவும் கூடாது. 2019 ஜூலையிலிருந்து அதுதான் சட்டம். கரையிலிருந்து சுறா பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்குவதற்காக நீ படித்த பாடத்தைத்தான் உன் தங்கை எனக்கு வாசித்துக் காட்டினாள். காசில்லாமல் கிடைக்கும் சீட்டு என்பதால் பாடத்தையும் சும்மா புரட்டியிருக்கிறாய் போல.

ஆழ்கடலில் சுறா பிடித்தே பிழைக்கும் தூத்தூர்க்காரன் சுறாவுக்கு வக்காலத்து வாங்குகிறானே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில் போட்டு ஆழ்கடலில் நாங்கள் பிடித்த சுறாவில்தான் நீ படித்தாய். நாங்கள் கொல்லப் பிடித்தோம், விற்றோம், அதில் ஒளிவுமறைவு இல்லை. நீ விடுவதற்காகப் பிடிக்கிறேன் என்கிறாய். அப்படியானால் விட்ட பிறகு அது பிழைக்க வேண்டும். அது உன் கையிலிருக்கும் தூண்டில் கோலிலும் நூலிலும் தொடங்குகிறது.

படத்தில் இருக்கும் கோல் பாரைக்குப் போதும், சுறாவுக்குப் போதாது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த ஒரு மணி நேரம்தான் மீனைக் கொல்கிறது. திமிறித் திமிறி இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். விட்டவுடன் வாலை அடித்துக்கொண்டு போகும், நீயும் கைதட்டுவாய். அது கொஞ்ச தூரம் போய் அடியில் விழுந்து கிடக்கும். சுத்தியல் போலத் தலையுள்ள கொம்பன் சுறா இதில் மிகவும் பலவீனம். எங்கள் தூண்டிலில் மற்றச் சுறா துள்ளிக்கொண்டு வரும்போது கொம்பன் பெரும்பாலும் செத்துத்தான் ஏறும். மெல்லிய நூலில் பெரிய மீன் பிடிப்பது கெட்டிக்காரத்தனம் என்று உன் கூட்டாளிகள் சொல்லலாம். சுறாவைப் பொறுத்தவரை அது கொடுமை. கனத்த கோலும் கனத்த நூலும் கொண்டு சீக்கிரம் கரைக்குக் கொண்டுவருகிறவன்தான் இரக்கமுள்ளவன்.

ஆகையால் 80 பவுண்டுக்குக் குறையாமல் கனம் தாங்கும் பின்னல் நூல், அதை 500 கஜமாவது கொள்ளும் ரீல். பின்னல் நூல் மணல்திட்டில் உரசினால் போய்விடும். அதன் முனையில் நீளமாகக் கனத்த தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான் நூல், சேர். ரீலின் பிரேக்கை நூல் தாங்கும் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வை. தூண்டில் முள்ளை ஒட்டி ஒன்றிரண்டு மீட்டர் கம்பி வேண்டும், அது பல்லுக்காக. ஆனால் நூலை அறுப்பது பல் மட்டுமல்ல. சுறாத்தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள், கை கிழியும். திரும்பி ஓடும்போது அந்தத் தோலும் வாலும் நூலில்தான் உரசும். கம்பிக்கு மேலே, மீனின் நீளத்துக்காவது, 400 பவுண்டு தங்கூஸ் கட்டு. நடுவில் நல்ல சுழல் வளையம். ஈயம் நூலில் வழுக்கி ஓடட்டும்; இரையைத் தூக்கியதும் கனம் தெரிந்தால் துப்பிவிடும்.

முள், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளாகவே இருக்கட்டும். இரை கோத்தால் அதுதான் சட்டமும்: பக்கவாட்டில் திருகாத முள், துருப்பிடிக்காத எஃகில் செய்யாதது. ஒருவேளை வாயில் தங்கிவிட்டாலும் துருவேறி உதிர்ந்துவிடும். கடித்ததும் கோலை வெட்டி இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடு. அது ஓடட்டும், நூலை மெல்ல இறுக்கு. முள் தானாக வாயோரத்தில் போய் மாட்டும். வெட்டி இழுத்தால் நழுவும், இல்லையென்றால் குடலில் ஏறும்.

இரைக்குக் கடையில் உறைந்து கிடக்கும் கணவாயை வாங்காதே, நண்டு பிடுங்கித் தின்றுவிடும். அந்தக் கடலில் அந்த நேரத்தில் என்ன மீன் ஓடுகிறதோ அதுதான் இரை. செப்டம்பர், அக்டோபரில் மடவை கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகும், அப்போது மடவை. மற்ற நாளில் சூரை, பாரை. சூரையில் இரத்தமும் எண்ணெயும் உண்டு. விலாவில் நாலு கீறல் போட்டால் வாடை நீரோட்டத்தில் தூரம் போகும். திருக்கைச் சிறகு நண்டுக்கு அசையாது, கொம்பனுக்கும் அதுதான் பிடித்த இரை. நான் சொன்ன கருவி கைக்கு வரும்வரை திருக்கையைத் தொடாதே.

படகில் நாங்கள் குடலும் இரத்தமும் கொட்டுவோம். அங்கே கடற்கரையில் அதைத் தடுத்திருக்கிறார்கள், நியாயம்தான். பக்கத்திலேயே பிள்ளைகள் குளிக்கிறார்கள். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் இரையை எடுத்துப்போய் கடலடியிலுள்ள இரண்டாவது மணல்திட்டுக்கு அப்பால் போடுகிறேன் என்கிறாய். இருட்டிய பிறகு அந்த வேலை வேண்டாம், மக்களே. இருட்டத் தொடங்கினால் சுறாவே முதல் திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்கு வந்துவிடும், கரையிலிருந்து வீசினாலே போதும். ஜனவரி முதல் மார்ச் வரை பாம் பீச் பக்கம் கருமுனைச் சுறாக்கள் கரையை ஒட்டியே திரளுமாமே, அதற்குக் கயாக் எதற்கு?

கரைக்கு வந்ததும் இருவராவது இருக்க வேண்டும். ஒருவன் கோலைப் பிடிக்க, மற்றவன் கம்பி வெட்டும் கத்தரியோடு முழங்கால் தண்ணீரில் நிற்கட்டும். முள் எளிதில் வந்தால் எடு, வராவிட்டால் முள்ளை ஒட்டிக் கம்பியை வெட்டு. வாலைப் பிடித்து இழுக்காதே. அதற்கு எலும்பில்லை, வளைந்து வந்து உன் கையைக் கவ்வும். தண்ணீருக்கு வெளியே அதன் உடல் கனமே உள்ளுறுப்பை அமுக்கும். முகத்தைக் கடல் பக்கம் திருப்பி விட்டுவிடு.

பெரிய பெண்சுறாவின் வயிற்றைக் கீறியதும் குட்டிகள் துள்ளி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சாளை போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனல்ல. எலுமிச்சைச் சுறா குட்டி போடும் வயதுக்கு வரவே ஏறக்குறைய 12 ஆண்டு ஆகும். இங்கே எங்கள் ஆட்கள் இப்போது சுறாவைத் தேடி எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்று சித்தப்பாவைக் கேள்.

தின்ன ஆசை வந்தால் ஷார்ப்நோஸ் என்ற சிறு சுறாவைப் பிடி. நம் பால்சுறாவின் நெருங்கிய உறவு அது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சுறா கொண்டுபோகலாம். பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடலெடுத்து, ஐஸில் வை. தாமதித்தால் அமோனியா நாற்றம் ஏறி வாயில் வைக்க முடியாது. தலை, வால், துடுப்பை மட்டும் கரையில் வெட்டாதே. சுறாப் புட்டுக்கு வேகவைத்துத் தோலுரித்த பிறகு தண்ணீரை நன்றாகப் பிழியச் சொல்கிறாள் அம்மா. போன முறை நீ பிழியாமல் வதக்கிக் கூழாக்கினாயாம். சின்ன வெங்காயம் அங்கே கிடைக்கிறதா என்றும் கேட்கிறாள்.

கம்பி வெட்டும் கத்தரி வாங்கியதும் எழுது. அது வரும்வரை பாரை பிடி.

அன்புடன்,
அப்பா