பிரம்பு இல்லாத பள்ளி: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. கோத்தகிரி பக்கம் மழையும் மூடுபனியும் சேர்ந்தே வந்துவிட்டன. பிள்ளைகளின் நடத்தை பற்றி உங்களிடம் நேரில் பேசத்தான் நினைத்தேன். தேயிலைக் கொழுந்து அதிகமாக வரும் நேரத்தில் எல்லோராலும் வர முடியாது என்பதால் எழுதுகிறேன். படிக்கச் சிரமமாக இருந்தால் உங்கள் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை உணவுக்குப் பொங்கல் வாங்கும் வரிசையில், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் முன்னால் நின்ற இரண்டாம் வகுப்புச் சிறுவனின் கம்பளித் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டான். (இரண்டு வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) சின்னவனின் அப்பா அம்மா ஜார்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அவன் தமிழ் பேசும் விதத்தைக் கேட்டுச் சில நாட்களாகவே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை முன்பே கவனிக்காதது எங்கள் தவறு.

முதலில் இரண்டு பேரையும் சாப்பிட வைத்தோம். அப்புறம் வராந்தாவில் உட்கார வைத்துப் பெரியவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். என்ன நடந்தது? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இப்போது என்ன செய்யலாம்? இரண்டாவது கேள்விக்கு வெகுநேரம் பதில் இல்லை. மூன்றாவதற்கு, "நான் தொவச்சுக் குடுக்கிறேன் டீச்சர்" என்றான். குழாயடியில் சோப்புப் போட்டுத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டான். காயும்வரை தன் தொப்பியைச் சின்னவனுக்குக் கொடுப்பதாக அவனே சொன்னான். இந்தப் பனியில் கம்பளி எங்கே காயும்? மறுநாளும் ஈரம். ஒவ்வொரு இடைவேளைக்கும் ஓடிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வெறும் தலையோடு வகுப்புக்குப் போனான். மூன்றாம் நாள்தான் வெயில் வந்தது. இப்போது வரிசையில் சின்னவனுக்குத் தட்டு எடுத்துக் கொடுப்பதே அவன்தான்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு பெற்றோர், "இதெல்லாம் ஒரு தண்டனையா? ரெண்டு போட்டிருந்தா அன்னிக்கே அடங்கியிருப்பான்" என்றார். உங்களில் பலரும் பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொன்னவர்கள்தான். அது என் மேல் வைத்த நம்பிக்கை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பள்ளியில் பிரம்பு கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பிரம்பு வைத்திருந்தவள். அப்போது வேறு பள்ளி. டிசம்பர் மாதம், உறைபனிக் காலம். வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பெண் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றேன். நான் ஒன்றும் சொல்வதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். குளிரில் வெடித்து ரத்தம் கசிந்த விரல்கள். ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த விரல்களால் பென்சிலைப் பிடிக்க முடியாது. அன்றோடு பிரம்பை விட்டேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அதனால் முட்டி போடச் சொல்வது, பனியில் வெளியே நிறுத்துவது, பட்டப்பெயர் வைப்பது எதுவும் இங்கே நடக்காது. என்ன தப்பு செய்திருந்தாலும் சாப்பாட்டையும் விளையாட்டையும் நிறுத்த மாட்டோம். எங்களில் யாராவது மீறினால் என்னிடம் வாருங்கள். நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றினால் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

அடி இல்லை என்றால் கண்டிப்பும் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கெடுத்ததை அவர்களே சரி செய்ய வேண்டும். கிழித்த நோட்டை ஒட்ட வேண்டும், கொட்டிய இடத்தைத் துடைக்க வேண்டும். அதே தப்பு மூன்றாம் முறை நடந்தால் உங்களைக் கூப்பிடுவோம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் முதல் முறையே கூப்பிடுவோம். ஒன்று, காட்டெருமையைக் கண்டு கல் எறிவது. தேயிலைக்குள் அது நின்றால் கத்தாமல், ஓடாமல், வந்த வழியே மெதுவாகத் திரும்ப வேண்டும். தனியாக யாரும் நடக்க வேண்டாம், பெரிய பிள்ளைகள் சின்னவர்களை நடுவில் விட்டுக் கூட்டி வரட்டும். பையில் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், குரங்கு விடாது.

இன்னொன்று, ஒரு பிள்ளையின் பேச்சையோ சாதியையோ ஊரையோ சொல்லிக் கேலி செய்வது. நம் பள்ளியில் படுகு பேசும் பிள்ளையும் உண்டு, இருளர் வீட்டுப் பிள்ளையும் உண்டு. உங்களில் பலருடைய தாத்தா பாட்டி, இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்கள். வந்த புதிதில் தங்கள் பேச்சைக் கேட்டு யார் யார் சிரித்தார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். அதை ஒரு நாள் ராத்திரி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாக ஏறும்.

உங்களிடம் கேட்பது இதுதான். பள்ளியிலிருந்து கூப்பிட்டோம் என்பதற்காக வீட்டில் அடிக்காதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை பிள்ளை எங்களிடம் உண்மையைச் சொல்லாது. உங்கள் பிள்ளையை வேறொரு பிள்ளை அடித்துவிட்டால், கேட்டில் நின்று அந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். கோபம் வரத்தான் செய்யும். நேராக என்னிடம் வாருங்கள். கொழுந்து எடை போட்டு முடித்துவிட்டு வருகிறவர்களுக்காகத் தினமும் 5 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. இதில் ஒத்துக்கொள்ள முடியாதது ஏதாவது இருந்தால் அங்கே வந்து சொல்லுங்கள், பேசுவோம். அப்புறம், முடிந்தவர்கள் பிள்ளையின் பையில் இன்னொரு தொப்பி வைத்து அனுப்புங்கள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்