ஐந்து பூ சரி, காய் எத்தனை?

பட்டாணி ரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டுக்கும் உருளைக்கும் நடுவே பட்டாணியும் போடுகிறவன் நான். வாரணாசியில் இருக்கும் இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே காம்பில் ஐந்து பூ விடும் பட்டாணியை உருவாக்கி, 2018இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள் என்று படித்தேன். அன்றிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் வயலில் காம்புக்கு ஒரு பூ, மிஞ்சினால் இரண்டு. பட்டாணியை வைத்தே மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்த ஏழு குணங்களில், பூ தண்டில் எந்த இடத்தில் வருகிறது என்பது உண்டு. காம்புக்கு எத்தனை பூ என்பது கிடையாது. பாவம், அந்தத் துறவி மண்டிக்கு மூட்டை அனுப்பியவர் இல்லையே.

இரண்டு பூ விட்ட காம்பை நீங்களும் குனிந்து பார்த்திருப்பீர்கள். முதல் பூவில் பிஞ்சு நீண்டு வரும்போது இரண்டாவதில் இதழ் இன்னும் வாடியிருக்காது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் பிஞ்சு பருக்கத் தொடங்கியிருக்கும்; இரண்டாவது மஞ்சள் தட்டி உதிர்ந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே ஒன்றிரண்டு மணியோடு தட்டையாக நின்றுவிட்டிருக்கும். தேனீ வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. அதனால்தானே ஒரு ரகத்தை இன்னொன்றோடு கலக்க நீங்கள் மொட்டிலேயே இடுக்கி வைத்து மகரந்தப் பைகளை எடுக்கிறீர்கள்! பெரும்பாலும் செடிக்குச் சத்துதான் போதவில்லை. இரண்டுக்கே இந்த இழுபறி என்றால் ஐந்துக்கு? பூவை எண்ணியதோடு நிறுத்தாமல், காம்புக்கு எத்தனை காய் திரண்டது, காய்க்கு எத்தனை மணி, செடிக்கு எத்தனை கிராம் என்பதையும் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

அடுத்தது பறிப்பு. பட்டாணி கீழ்க் கணுவில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே பூத்துப் போகும். கீழ்க்காய் முற்றி இனிப்பு போய் மாவு ஏறும் நேரத்தில் உச்சியில் வெள்ளைப் பூ சிரிக்கும். அதனால் ஒரே பாத்தியில் இரண்டு மூன்று தடவை ஆள் இறக்க வேண்டும். கடைசிப் பறிப்பில் கிடைக்கிற காய் பல நேரம் அந்தக் கூலிக்கே சரியாகப் போய்விடும். நெருங்கிய சில கணுக்களிலேயே மூன்று மூன்று காய் சேர்ந்து திரண்டால் ஒரு பறிப்பு மிச்சம். ஐந்து பூ செய்தியைப் படித்தபோது எனக்கு ஆசை வந்ததே இதனால்தான். விளைச்சலோடு பறிப்பும் கூடினால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், சமவெளியில் தேர்ந்தெடுத்த செடி இங்கே அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். வடக்கே குளிர்காலம் முடிந்து வெயில் ஏறினால் பூ கொட்டும், பயிரும் முடியும். இங்கே அந்த வெயில் கிடையாது. ஆனால் பகலில் வறட்சியும் இரவில் பனியுமாக இருக்கும் மாதங்களில் சாம்பல் நோய் வந்து, இலை மாவு தூவியதுபோல் வெளுத்துவிடும். இலை போனால் ஐந்து பூவுக்கும் யார் சோறு போடுவது? பெங்களூரில் உருவான அர்கா அஜித் ரகம் சாம்பல் நோயையும் துரு நோயையும் தாங்குகிறது. அந்தக் குணத்தையும் பல பூக் குணத்தையும் ஒரே செடிக்குள் கொண்டுவாருங்கள். சாம்பல் நோயைத் தாங்கும் அந்த மரபணு ஒடுங்கு குணம் என்பதால் முதல் தலைமுறையில் வெளியே தெரியாது, காலம் பிடிக்கும் என்பது தெரியும். காத்திருக்கிறோம்.

ஆனால் ரகம் முழுதாகத் தயாரான பிறகு எங்களிடம் வராதீர்கள். தேர்வு நடக்கும்போதே ஒரு கைப்பிடி விதை கொடுங்கள். ஊட்டி 1 ரகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பாத்தி விதைத்து, காம்பு காம்பாக எண்ணி எழுதி அனுப்புகிறேன். பள்ளிக்கூட நோட்டில்தான் எழுதுவேன், பரவாயில்லையா?

இப்படிக்கு,
மேல்மலைப் பட்டாணி விவசாயி ஒருவன்