"டமார்" எங்கே எழுத வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த விண்வெளிச் சண்டைப் படக்கதையைப் பேரன் எனக்கு வாசித்துக் காட்டினான். ஒரு கப்பல் வெடிக்கிறது, செந்தீ மேலெழும்புகிறது, தள்ளி நிற்கும் கப்பலில் உள்ளவர் "டமார்" கேட்டுத் திடுக்கிடுகிறார். "அம்மப்பா, அங்கதான் காத்து இல்லையே, எப்படிக் கேட்டது?" என்றான். விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் "கேட்காது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் மனம் வரவில்லை.

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடிக்கு, நிலாக்காலத்தில் நீருக்குள்ளிருந்து வரும் மீன்பாட்டுக் கேட்கப் போனவர்களுக்குத் தெரியும். தோணியில் சும்மா இருந்தால் கேட்பது அரிது. துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு ஒட்ட வேண்டும். ஓசை ஏறி வர ஏதாவது ஒன்று தேவை. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது உள்ளே இருந்த மூவருக்கும் சத்தம் கேட்டது. கப்பலின் உடம்புதான் அவர்களுக்குத் துடுப்பு. பக்கத்தில் வேறொரு கப்பல் நின்றிருந்தால் அதிலுள்ளவர்களுக்கு ஒன்றும் கேட்டிராது.

தீயும் அப்படித்தான். கப்பலில் எரிபொருளோடு ஒட்சிசனும் இருப்பதால் ஒரு நொடி எரியும், சரி. ஆனால் மேலெழும்ப அங்கே மேல், கீழ் இல்லை. எல்லாப் பக்கமும் விரிந்து சட்டென்று மங்கிவிடும்.

கரண்ட் போன இரவில் அவனுக்கு மெழுகுதிரியைக் காட்டினேன். சூடான காற்று இலேசாகி மேலே போக, கீழிருந்து புதுக் காற்று வருகிறது. அதனால்தான் சுடர் கூராக நிற்கிறது. மஞ்சள் நிறம், சூட்டில் ஒளிரும் கரித்துகள். விண்கலத்துக்குள் கொளுத்திப் பார்த்தபோது சுடர் மங்கலான நீல உருண்டையாகத்தான் இருந்தது. பயல் நம்பவில்லை, திரியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து விரலில் மெழுகு ஊற்றிக்கொண்டான்.

ஓவியர் விட்டுவிட்ட உண்மையான ஆபத்து, சிதறல். தடுக்கக் காற்று இல்லாததால் துண்டுகள் வேகம் குறையாமல் பறக்கும். 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செய்மதி ஒன்றை ஏவுகணையால் உடைத்தபோது 1,500க்கு மேற்பட்ட துண்டுகள் கண்டறியப்பட்டன. விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் ஓடங்களுக்குள் போய் ஒதுங்கவேண்டி வந்தது.

ஆகவே அடுத்த கதையில் வெடிப்பை உருண்டையாக வரையச் சொல்லுங்கள். "டமார்" எழுதியே ஆகவேண்டுமென்றால் வெடிக்கிற கப்பலுக்குள்ளே எழுதட்டும், அல்லது துண்டு வந்து மோதுகிற கப்பலுக்குள்ளே.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.