ஸ்கோர் புத்தகத்தைக் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன். அப்பலாச்சியன் லீகின் கதை, 1911 முதல் இன்றுவரை, முழுக்கத் தமிழில். இரண்டரை வருட வேலை. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். அதனால் இந்த மடலில் உங்கள் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும். தமிழ் தெரியாதவர்களுக்கு நானே வீடு தேடி வந்து, வரிக்கு வரி சொல்லிக் காட்டுகிறேன்.

இதைப் படிக்கும் தமிழர்கள் பலருக்கு இந்த லீக் புதிதாக இருக்கும். டென்னசி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் மலையூர்களில் நடக்கும் பேஸ்பால் இது. பெரிய லீக், அதாவது அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக், அதன் அணிகள் புதிதாக எடுத்த பையன்களை முதலில் அனுப்பிவைத்த இடம். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஜூனில் வந்து இறங்குவார்கள், கோடை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, பள்ளியில் கொடுத்த இலவச டிக்கெட்டோடு, டென்னசியில் நான் இருக்கும் கிங்ஸ்போர்ட்டின் ஹன்டர் ரைட் மைதானத்துக்கு முதன்முதலாகப் போனேன். அவன் இப்போது படிப்பு முடித்து வேறு ஊரில் இருக்கிறான். நான் மட்டும் அந்த மைதானத்தை விடவில்லை.

நூலகத்தில் ஊர் வரலாற்று அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. இரவு ஷிஃப்ட் முடிந்து, லேப் வாடை போகாத உடுப்போடு காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்பேன். எனக்கு முன்பே நீங்கள் பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருளை இயந்திரத்தில் மாட்டி வைத்திருப்பீர்கள். எந்தத் தேதியில் நிறுத்தினேன் என்று மஞ்சள் சீட்டில் குறித்து ஒட்டியிருப்பீர்கள். இந்த லீக் பலமுறை செத்துப் பிழைத்தது என்பது அந்தச் சுருள்களில்தான் எனக்குப் புரிந்தது. 1911இல் நாக்ஸ்வில், ஆஷ்வில், பிரிஸ்டல், ஜான்சன் சிட்டி, மாரிஸ்டவுன், டென்னசியிலுள்ள க்ளீவ்லாண்ட் என ஆறு ஊர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். 1914இல் பாதி சீசனில் நின்றுபோனது. 1921இல் மறுபடி தொடங்கி 1925இல் மறுபடி நின்றது. 1937இல் நாலே அணிகளோடு எழுந்தது.

அணிகளின் பெயர்களைப் பாருங்கள் என்று சொன்னவரும் நீங்கள்தான். நியூபோர்ட்டில் காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலை. அணியின் பெயர் கேனர்ஸ். மேற்கு வர்ஜீனியாவின் வெல்ச், நிலக்கரிச் சுரங்க ஊர், அணி மைனர்ஸ். முன்னாள் படைவீரர்களுக்கான பெரிய இல்லம் இருந்த ஜான்சன் சிட்டியில் சோல்ஜர்ஸ். ஊர் என்ன தொழில் செய்து சாப்பிட்டதோ, அதையே பையன்களின் நெஞ்சில் எழுதி ஆட அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் விரல் வைத்துக் காட்டியிராவிட்டால் அந்தப் பெயர்களை நான் படித்துவிட்டுக் கடந்திருப்பேன்.

மூன்றாவது வரிசைத் தாத்தாவுக்கு, நான் உங்களை மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன், எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஐம்பது வருட ஸ்கோர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு என் காரின் பின் சீட்டில் வைத்தீர்கள். ரசீது கேட்கவில்லை, என்றைக்குத் திருப்பித் தருவாய் என்றும் கேட்கவில்லை. ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தீர்கள்: களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பந்து வீசும் பிட்சர் 1, மட்டைக்காரனுக்குப் பின்னால் பிடிக்கும் கேட்சர் 2, மட்டைக்காரன் அடித்துவிட்டு முதலில் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸைக் காப்பவர் 3, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக்கில் ஆள் போனால் ஸ்ட்ரைக்அவுட், அதற்கு 'கே'. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனவனுக்கு அந்தக் 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். பென்சில்தான், பேனா கூடாது. "இந்த விளையாட்டில் எல்லோரும் தவறு செய்வார்கள், எழுதுகிறவனும் செய்வான்" என்றீர்கள்.

பிறகு 1952 மே 13க்கு வந்தோம். பிரிஸ்டல் ட்வின்ஸுக்கும் வெல்ச் மைனர்ஸுக்கும் ஆட்டம். ரான் நெச்சாய் என்ற பத்தொன்பது வயதுப் பையன், வயிற்றுப் புண்ணோடு பந்து வீசி, ஒரு ஹிட்கூட (அடித்து பேஸ் சேர்வது) கொடுக்காமல், ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தான். தொழில்முறை பேஸ்பாலில், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் வேறு யாரும் செய்யாதது. இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட், 27 ஸ்ட்ரைக்அவுட், கணக்கு சரி என்று நான் எழுதிவைத்திருந்தேன். நீங்கள் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினீர்கள். புதுப் பக்கம் திருப்பி, கட்டம் கட்டமாக நிரப்பச் சொன்னீர்கள். ஒரே ஒரு கட்டத்தில் 6-3 வந்தது. அப்படியென்றால் ஸ்ட்ரைக்அவுட்டில் விழுந்த அவுட் 26தானே? மிச்சம் ஒன்று எங்கே? ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் விட்டுவிட்டார். விதிப்படி மட்டைக்காரன் முதல் பேஸுக்கு ஓடலாம், ஓடிச் சேர்ந்துவிட்டான். ஸ்ட்ரைக்அவுட் கணக்கில் ஏறியது, அவுட் விழவில்லை. ஆக அந்த ஓர் இன்னிங்ஸில் நான்கு 'கே'. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். நீங்கள் அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்து போயிருக்கிறது.

அந்த ஆட்டத்தன்று உங்களுக்குக் காய்ச்சல்; உங்கள் அப்பா அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். எழுபது வருடத்துக்கு மேலாகியும் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறுகிறது.

அந்தச் சாயங்காலம் நீங்கள் கேட்ட கேள்விதான் என் புத்தகத்தையே திருப்பிப் போட்டது. "வீசினவன் பேரை எழுதிவிட்டாய். எதிரில் மட்டையோடு நின்றவர்களும் பையன்கள்தானே, மறுநாள் அவர்கள் எங்கே போனார்கள்?" அதுவரை பெரிய பெயர்களை வைத்துத்தான் அத்தியாயங்களைப் பிரித்திருந்தேன். 1965இல் மேரியனில் 78 இன்னிங்ஸில் 115 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த நோலன் ரயன். 1978இல் ப்ளூஃபீல்டில் ஒரு ஹோம் ரன்கூட (வேலிக்கு வெளியே போகும் அடி) அடிக்காத கேல் ரிப்கன் ஜூனியர், பின்னாளில் தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடியவர். 1982இல் எலிசபெத்டனில் .382 சராசரி வைத்த கர்பி பக்கெட். எங்கள் கிங்ஸ்போர்ட் வழியாகப் போன டாரில் ஸ்ட்ராபெர்ரி, ட்வைட் குடன். இவர்கள் எல்லோரும் புத்தகத்தில் இருக்கிறார்கள். ஆனால் இவர்களைப் பற்றி எழுத உலகத்தில் ஆள் இருக்கிறது. நெச்சாயே அதே ஆகஸ்டில் பெரிய லீகின் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய், ஒரு வெற்றி, ஆறு தோல்வியோடு நின்றுவிட்டார். தோள் கெட்டது. அதன் பிறகு பெரிய லீகில் அவர் ஆடவே இல்லை. நீங்கள் கேட்ட பிறகு பழைய அத்தியாயப் பிரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர் ஊராக எழுத ஆரம்பித்தேன்.

அப்படித்தான் நானும் என் வீட்டுக்காரரும் வெல்ச்சுக்குப் போனோம். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா, முன்பின் தெரியாத எங்கள் இருவரையும் உட்காரவைத்து, பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டீர்கள். சுரங்கத்திலிருந்து வந்து, கரி போகக் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு ஆட்டத்துக்குக் கிளம்புவாராம் உங்கள் அப்பா. காதோரத்தில் மட்டும் கரி எப்போதும் நிற்குமாம். 1950இல் வெல்ச் இருக்கும் மக்டவல் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். சுரங்கத்துக்குள் இயந்திரம் இறங்கியது, ஆட்கள் வெளியேறினார்கள். 2020 கணக்கெடுப்பில் இருபதாயிரம்கூட இல்லை. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும் சேர்ந்துகொண்டது. 1955 சீசனோடு லீக் நின்றது. 1957இல் திரும்ப எழுந்தபோது வெல்ச் அதில் இல்லை. உங்கள் அப்பாவின் காதோரக் கரியை எழுதாமல் 1955ஐ என்னால் எழுதியிருக்க முடியாது.

ப்ளூஃபீல்ட் நண்பர்களே, போவன் ஃபீல்டைச் சுற்றிக் காட்டியதற்கு நன்றி. மேற்கு வர்ஜீனியா ஊரின் மைதானம் எல்லையைத் தாண்டி வர்ஜீனியாவில் இருக்கிறது. வேலிக்குப் பின்னால் மரம் அடர்ந்த மலை. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஊரே இலவசமாக எலுமிச்சை ஜூஸ் கொடுக்கும் என்ற வழக்கத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். நான் வந்த அன்று குளிர்ந்த மழை. நீங்கள் வீட்டில் பிழிந்து ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

எலிசபெத்டன் அக்கா, உங்களைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. வருடா வருடம் கோடைக்கு உங்கள் வீட்டு மாடியில் பையன்களைத் தங்கவைத்தீர்கள். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, கேன்சஸ். ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கவிழ்த்தீர்கள். அத்தனையும் சுரண்டிய ஃபோன் கார்டுகள். அம்மாவிடம் பேச அந்தப் பிள்ளைகள் வாங்கியவை. கார்டு தீர்ந்த பிறகும் தூக்கிப் போட மனசு வரவில்லை என்றீர்கள். அதே மாதிரிக் கார்டை நாணயத்தால் சுரண்டி, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தித்தான் நானும் அந்த வருடங்களில் பாளையங்கோட்டைக்குப் பேசினேன். 'இன்னும் ஒரு நிமிடம்' என்று நடுவில் ஒரு குரல் சொல்லும். அதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள். உங்கள் மேசையில் நான் அழுததை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே போகாமல் ஊர் திரும்பிய ஒரு பையன் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு உங்களைக் கூப்பிடுகிறான் என்று சொன்னீர்கள். அதுதான் ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் வரி.

2020ஐ எழுத உதவிய மைதானப் பணியாளர் அண்ணனுக்கும் நன்றி. தொற்றுநோயால் அந்த சீசனே இல்லை. யாரும் ஆடாத கோடை முழுவதும் நீங்கள் புல் வெட்டியிருக்கிறீர்கள். அந்த வருடத்தோடு பெரிய லீக் தன் கீழுள்ள அணிகளை 160இலிருந்து 120ஆகக் குறைத்தது. எங்கள் லீக் அந்த ஏணியிலிருந்து கழற்றிவிடப்பட்டது. 2021 முதல் இங்கே ஆடுவது கல்லூரிப் பையன்கள், சம்பளம் கிடையாது. பெயர்களும் மாறின, பிரிஸ்டல், தெருவின் நடுவே மாநில எல்லை ஓடும் ஊர் என்பதால், ஸ்டேட் லைனர்ஸ் ஆனது. எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. "மட்டை இன்னும் மரத்தில்தான், சத்தம் மாறவில்லை" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்புத் தமிழ் டீச்சர், உங்களுக்கு வயது எண்பத்தொன்று. பேஸ்பாலைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினீர்கள். ஸ்ட்ரைக்குக்கு நான் உருவாக்கிய சொல்லை அடித்துவிட்டு, "விக்கெட்டை விக்கெட்டுன்னுதானே சொல்றோம், இதையும் விட்ரு" என்று ஓரத்தில் எழுதினீர்கள். "நாலு பந்து தள்ளிப் போட்டா ஏன் அவனுக்குச் சும்மா ஒரு பேஸ் கொடுக்கணும்?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதப் போய்த்தான் மூன்றாம் அத்தியாயம் தெளிந்தது.

என் வீட்டுக்காரருக்கு: வெல்ச் மலைப்பாதையில் ஆறு முறை வண்டி ஓட்டினீர்கள். காபி ஃபிளாஸ்க்கை ஒரு தடவைகூட மறக்கவில்லை.

புத்தகத்தின் ஒரு பிரதி ஊர் வரலாற்று அறைக்கு வருகிறது, மைக்ரோஃபிலிம் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிரதி டீச்சருக்குத் தபாலில். தாத்தா, உங்கள் அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. ஜூன் மாத முதல் ஆட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். பென்சில் சீவி வைத்துவிட்டேன்.

நன்றியுடன்,
கிங்ஸ்போர்ட்டிலிருந்து உங்கள் தமிழ்ப் பெண்