சி.ஆர்.பி. நார்மல் என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். போன்ற ரத்தப் பரிசோதனைகள் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வருகிற ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்களுக்கு சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் நார்மலாக இருந்தால் கவலை வேண்டாம் என்று போட்டிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை, லேபில் பல வருஷமாக ரத்தம் எடுத்து ரிப்போர்ட் கொடுக்கிற ஆள். இந்த வரியை நம்பி எத்தனை பேர் பெனிசிலின் ஊசியை நிறுத்துவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலர் என்னிடமே கேட்பார்கள், “சி.ஆர்.பி. இறங்கிடுச்சே, இனிமே ஊசி வேண்டாம்தானே?” என்று. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடும் அந்த ஊசியின் வலி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், அதை நிறுத்த ஒரு சாக்கு கிடைக்காதா என்று தேடுவதில் தப்பும் இல்லை. ஆனால் அது அழற்சியைக் குறைப்பதற்காகப் போடுகிற ஊசியே இல்லையே! தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மறுபடி தொற்றி, அதனால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பி வந்து, ஏற்கெனவே தழும்பேறிய வால்வு இன்னும் சுருங்கிப்போகாமல் இருக்கத்தான் அது. வால்வில் பழுது தங்கிவிட்டவர்களுக்குக் குறைந்தது 10 வருஷம் அல்லது 40 வயது வரை, இதில் எது நீளமோ அதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. சி.ஆர்.பி.க்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சி.ஆர்.பி. கல்லீரலில் உற்பத்தியாகிற ஒரு புரதம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கோ புகைகிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. பல் ஈறு வீங்கினாலும் ஏறும், சளிக்காய்ச்சலிலும் ஏறும். புகைச்சல் அடங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்து சில நாளில் இறங்கிவிடும். ரத்தச் சிவப்பணுக்கள் படிகிற வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும், அதிலும் ரத்தசோகை இருந்தால் சும்மாவே கூடுதலாகக் காட்டும். இந்த இரண்டும் உண்மையில் உதவுவது ருமாட்டிக் காய்ச்சல் கொதிக்கிற ஆரம்பக் கட்டத்தில். வந்திருப்பது ருமாட்டிக் காய்ச்சல்தானா என்று முடிவு செய்ய, ஜோன்ஸ் அளவுகோல் என்று டாக்டர்கள் பார்க்கிற பட்டியலில்கூட இவை சிறு அடையாளம் மட்டும்தான். கை கால் தானாக ஆடுகிற கொரியா மட்டும் பல மாதம் கழித்து வருகிற குழந்தைக்கு இரண்டுமே நார்மலாக இருக்கலாம். ஆஸ்பிரின் கொடுத்தாலும் எண்கள் இறங்கும், அதனால் வால்வு தப்பித்துவிட்டது என்று ஆகாது.

சரி, வருஷங்கள் கழித்து வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு? அவர்கள் ரத்தத்தில் சி.ஆர்.பி., அழற்சியைத் தூண்டுகிற இன்டர்லூகின்-6 என்ற புரதம் போன்றவை ஆரோக்கியமானவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அது வால்வுக்குள் இன்னும் புகைவதாலா, இதயம் திணறுவதாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நூறு பேரின் சராசரியில் தெரிகிற அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து ஒருவருடைய வால்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதைப் பார்க்க இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோதான் வேண்டும்.

ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் வேறு ஒரு தலைவலி. அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சமீபத்தில் வந்துபோன தடயம் அது, அழற்சியின் அளவு இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு எந்தக் கோளாறும் இல்லாமல் கூடுதலாக இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து வருஷக்கணக்கில் ஊசி போட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் கட்டுரையில் இருந்திருக்க வேண்டியது இதுதான்: வால்வு பழுதானவருக்கு நாள்கணக்கில் காய்ச்சல் விடாமல் அடித்து சி.ஆர்.பி.யும் எகிறினால், வால்வில் கிருமி குடியேறியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், உயிருக்கே ஆபத்தானது அது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் இருக்கிற கிருமியைப் பாட்டிலில் வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். கையில் கிடைத்த மாத்திரையை இரண்டு நாள் போட்டுவிட்டு வந்தால் எங்கள் பாட்டிலில் ஒன்றும் வளராமலே போகலாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். உங்கள் அட்டவணையில் சி.ஆர்.பி. அளவை 3 என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால் அது லிட்டருக்கு 30. ஜோன்ஸ் அளவுகோல் சொல்வது அந்த 30-ஐத்தான். லிட்டர் கணக்கில் வெறும் 3 என்று வந்த ரிப்போர்ட்டோடு உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு ஒரு அம்மா பதறியடித்து வந்தார். அடுத்த வாரம் திருத்தம் போடும்போது அலகையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்