22 கணுக்களைத் தேடி எடுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

மாட்டுங்கா, மும்பை

அன்புடையீர்,

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "முருகன் காப்பாற்றினார்" என்கிறார்கள். காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அவர் யார் யார் கைவழியாக வேலை செய்தார் என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரயில்வே கணக்குப் பிரிவில் 34 ஆண்டு உட்கார்ந்தவனின் புத்தி அது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து வரும் மாதத்தோடு இரண்டு ஆண்டு ஆகிறது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். மலத்தில் ரத்தம் போவதை மூலநோய் என்று சொல்லி ஒரு மருத்துவர் ஐந்து மாதம் களிம்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. மூலம் என்றால் யாரும் பயப்படுவதில்லையே. அக்கா என் ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9. "மூலம் என்று சொன்னவர் கையுறை போட்டுப் பார்த்தாரா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "ஆம்பிளைக்கு இந்த வயதில் ரத்தம் இப்படிக் குறைந்தால் குடலைப் பார்க்காமல் விடக்கூடாது" என்று அந்த வாரமே, குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு இழுத்துப் போனார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் குடல் அடைத்து, நள்ளிரவில் அவசரமாகக் கத்தி வைக்க நேர்ந்திருக்கும். அடைப்போடும் ஓட்டையோடும் வருகிறவர்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பரேல் மருத்துவமனையில் என்னைப் பார்த்த இளம் டாக்டரம்மா மதுரைப் பக்கம். "எத்தனை வருடம் இருப்பேன்?" என்று கேட்டேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. ஃபைலின் பின்பக்கத்தில் குடல் சுவரை நான்கு கோடாக வரைந்தார். கட்டி எலுமிச்சை அளவு என்று ஸ்கேனில் எழுதியிருந்ததில் நான் பாதி செத்திருந்தேன். அளவைவிட, சுவரில் எத்தனை அடுக்கு துளைத்திருக்கிறது, பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கு (லிம்ஃப் நோடு) போயிருக்கிறதா, ஈரலுக்கோ நுரையீரலுக்கோ தாவியிருக்கிறதா என்பதுதான் பேச்சு என்றார். அமெரிக்கப் பதிவேட்டில், நோய் குடலோடு நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் அது 20க்கும் கீழே. நான் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றேன்.

எங்கே என்று சொன்னவரை நான் பார்த்ததே இல்லை. இந்த மடலின் தலைப்பு அவருக்குத்தான். அறுத்தெடுத்த குடல் துண்டு நோய்க்குறியியல் (பேத்தாலஜி) கூடத்துக்குப் போகிறது. அதனோடு ஒட்டிய கொழுப்பைத் துழாவி, பயறு அளவும் அதைவிடச் சிறிதுமான கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சீவி, உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். குறைந்தது 12 பார்த்தாக வேண்டும் என்பது விதி. ஐந்தாறு மட்டும் பார்த்துவிட்டு "கணுக்கள் சுத்தம்" என்று எழுதிய அறிக்கையை நம்ப முடியாது. தேடாத கணுவில் நோய் இருந்தால், கீமோ தேவைப்படுகிறவர் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். என் அறிக்கையில் 22 கணுக்கள், அவற்றில் இரண்டில் நோய், வெட்டிய ஓரங்கள் சுத்தம், ரத்தக் குழாயிலும் நரம்பிலும் ஊடுருவல் இல்லை என்று எழுதியிருந்தது. கணுக்களுக்குப் போயிருந்ததால் மூன்றாம் நிலை. யாரும் நன்றி சொல்லாத ஒரு மேசையில் குனிந்திருந்து அந்த இரண்டைக் கண்டுபிடித்தவரே, வணக்கம். கணுக்கள் வெளியே வந்ததே அறுவை நிபுணர் அந்தப் பகுதியை முழுதாக எடுத்ததால்தான். அவருக்கும் வணக்கம். அவர் அதிகம் பேசாதவர், நானும் இதற்கு மேல் பேசவில்லை.

கீமோ ஆறு மாதம் என்றுதான் பயந்திருந்தேன். 12,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வின் அடிப்படையில், என்னைப் போன்றவர்களுக்கு மூன்று மாதமே ஏறக்குறைய போதும் என்று நான்கு சுற்றோடு நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதமும் கீமோ மருந்தின் விளைவாக, குளிர்ந்த தம்ளரைத் தொட்டால் விரலில் மின்சாரம் பாய்ந்தது. ஃபிரிட்ஜைத் திறக்கவிடாமல் காவல் இருந்து, வெந்நீரும் மிளகு ரசமுமாகப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு இங்கே நன்றி எழுதினால் வீட்டில் கேலி செய்வாள். எழுதிவிட்டேன்.

ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் விடிகாலை நடக்கும் மூவருக்கும் நன்றி. மழையிலும் மாடிக்கு வந்து கதவைத் தட்டியவர்கள். கீமோ முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. மூன்று ஆண்டு முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாம் ஆண்டில் 90 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83. இதைப் படித்துக் காட்டியபோது மூவரில் ஒருவர், "அப்படியானால் டீச் செலவு இனி உங்களுடையது" என்றார். அதுவும் கணக்கில் ஏறிவிட்டது.

நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோய் திரும்புகிறதா என்று காட்டும் சி.இ.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன். ஊசி குத்தும் பெண் ஒவ்வொரு முறையும் "காகா, கஸே ஆஹாத்?" (சித்தப்பா, எப்படி இருக்கிறீர்கள்?) என்று மராத்தியில் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நன்றி.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உடன்பிறந்தவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பிக்கு 54 வயது. கொலனோஸ்கோப்பி என்றாலே போனை வைத்துவிடுகிறான். அவனைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து கையைப் பிடித்து இழுத்துப் போங்கள். பயண டிக்கெட்டும் பரிசோதனைச் செலவும் என்னுடையது.

அன்புடன்,
உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டவன்