அமிலத் தொட்டிக்கு முந்தைய பக்கம்

பெரம்பூர்

அன்புள்ள சேகர்,

உன் காமிக்ஸின் 22 பக்கமும் வந்தது. இரண்டு தரம் படித்தேன். மணலி ஆலையின் சுடர் எண்ணூர்க் கழிமுகத் தண்ணீரில் ஆடுகிற அந்த இரவு அபாரம். கதைதான் 9ஆம் பக்கத்தில் சறுக்குகிறது. தம்பி சாகிறான், அண்ணன் அமிலத் தொட்டியில் விழுகிறான், எழுந்ததும் வில்லன். அப்படியானால் கெட்டது செய்தது அமிலம்தானே, அவன் எங்கே?

பேட்மேன் காமிக்ஸின் வில்லன் ஜோக்கரை எடுத்துக்கொள். 1940இல் வந்தவனுக்குப் பூர்வ கதை கிடைத்தது 1951இல்: சிவப்பு முகமூடித் திருடன் ரசாயனக் கழிவில் குதித்துத் தப்பினான், அவ்வளவுதான். 1988இல் ‘தி கில்லிங் ஜோக்’ புத்தகத்தைச் செய்த எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் பிரையன் போலண்டும் அந்தக் கழிவை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நாட்களைத்தான் எழுதினார்கள். மேடையில் யாரையும் சிரிக்கவைக்க முடியாத ஒருவன், கர்ப்பிணி மனைவி, கையில் காசில்லை. திருடர்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் மனைவி விபத்தில் சாகிறாள். வரமாட்டேன் என்கிறான், அவர்கள் விடவில்லை. சம்மதம் முதலில், அடி பிறகு. இந்த வரிசையால்தான் அவனுக்காக மனசு இரங்கினாலும் அவனை மன்னிக்க முடியவில்லை. நீயும் தம்பி சாவதற்கு முன்னால், 6ஆம் பக்கத்திலேயே, அண்ணன் ஒரு தப்புக்குத் தலையாட்டுவதைக் காட்டு.

இன்னொன்று. அதே புத்தகத்தில் போலீஸ் கமிஷனர் கார்டனின் மகளைச் சுட்டு, அவரையும் சித்திரவதை செய்கிறான் ஜோக்கர். அவர் உடையவில்லை, சட்டப்படிதான் அவனைப் பிடிக்கணும் என்கிறார். உன் கதையில் அப்படி ஒரு ஆள் இல்லை. தம்பியின் மனைவி இருக்கிறாளே! அதே சாவு அவள் வீட்டிலும்தான். மறுவாரம் அவள் காசிமேட்டில் கூடையோடு ஏலத்துக்கு நிற்பதை நாலு கட்டத்தில் போடு, வசனமே வேண்டாம்.

நிறம்: 2008 பதிப்புக்குப் போலண்டே மறுபடி வண்ணம் தீட்டினார். பழைய நினைவுகள் சாம்பலில், சில பொருள்கள் மட்டும் சிவப்பாக. உனக்கு அந்தச் சுடர் போதும். முதலில் தீக்குச்சித் தலை அளவு, தொட்டி வருகிற பக்கத்தில் பாதிக் கட்டம். சாம்பலைக் கறுப்பு மையில் மட்டும் வை. நாலு மையையும் கலந்து சாம்பல் செய்தால், அச்சில் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் கோட்டோரம் வண்ணம் பிதுங்கும்.

வசனம்தான் எனக்குப் பெரிய வருத்தம். டாக்டரும் இன்ஸ்பெக்டரும் புத்தகத் தமிழ் பேச, ‘இன்னாபா’ என்று வில்லன் மட்டும் பேசுகிறான். இது நம்ம ஊர்ப் பேச்சையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. தம்பி மனைவி, டீக்கடைக்காரர், வார்டு நர்ஸ் எல்லோரும் அப்படியே பேசட்டும். ஒரு வசன பலூனுக்கு 12, 15 சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், பென்சில் வரைவிலேயே இடம் விடாவிட்டால் பிறகு முகத்தை மறைக்கும். அழுத்தத்துக்கு எழுத்தைச் சாய்க்காதே, தடித்த எழுத்து போடு. ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா என்று ஒவ்வொரு பலூனையும் பார், மென்பொருளில் இந்திய மொழிக்கான அமைப்பை மாற்றாவிட்டால் அப்படித்தான் வரும்.

அச்சகம் 16 பக்கப் பாரமாகத்தான் (ஒரே தாளில் அச்சாகி மடிகிற தொகுதி) கணக்குப் போடும், அதனால் 64இல் முடி. ஓரம் வரை போகிற படத்துக்கு வெட்டுக்கு வெளியே 3 மி.மீ. விடு. நடுவில் பின் அடித்தால் போதும். முதுகில் பசை போட்டால் உள்பக்கம் 1 செ.மீ. மடிப்புக்குள் போய்விடும், உன் 14, 15 ஜோடிப் பக்கத்தில் வில்லனின் மூக்கே அங்கேதான் இருக்கிறது.

6 முதல் 11 வரை திருத்தி முதலில் அனுப்பு. மற்றவை பிறகு.

அன்புடன்,
ரவி